செண்டுமல்லி நுனிய கிள்ளுறதா, டானிக் அடிக்கிறதா?

கேள்வி: ஐயா வணக்கம், நிலக்கோட்டை பக்கம் எங்க ஊரு. 20 சென்ட்ல ஹைபிரிட் ஆரஞ்சு செண்டுமல்லி நட்டு 28 நாள் ஆச்சு. நாத்து ஒண்ணு 3 ரூபா, 6000 நாத்து, ஒன்றரை அடிக்கு ஒரு அடி கணக்கு. ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. நுனிய கிள்ளி விட்டா கிளை நெறைய வரும்னு சொன்னாங்க, ரெண்டு பார் (செடி வரிசை) கிள்ளிட்டேன். இப்ப பாத்தா மொட்டையா நிக்குது, சில செடில கிள்ளுன எடம் கருத்துப்போச்சு. மிச்ச செடில நுனில மொட்டு தெரியுது, வர்ற பூவ கிள்ளி எறியிறியேனு வீட்டுல சத்தம். மருந்துக் கடைல கிள்ளவே வேணாம், இந்த டானிக் லிட்டர் 850, ரெண்டு தடவ அடிச்சா கிளை தானா வெடிக்கும்ங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: தம்பி, மொட்டையா நிக்குதேனு பயப்படாதீங்க, ஒரு வாரம் பத்து நாள்ல ஒவ்வொரு இலையும் தண்டோட சேர்ற கணுவுல பச்சையா முளை தள்ளும். கருத்துப்போன செடி சாயங்காலம் கிள்ளினதா இருக்கும், இல்ல கிள்ளிட்டு மேல தண்ணி தெளிச்சிருப்பீங்க. காலைல பனி ஈரம் காஞ்சப்புறம் கிள்ளணும், அன்னைக்கே வெயில்ல காயம் காஞ்சிடும். மழை மூட்டமா இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, ஈரக் காயத்துல பூஞ்சாணம் ஏறும். கருத்தத கீழ நல்ல கணு வரைக்கும் கிள்ளி எடுத்து வயலுக்கு வெளிய போடுங்க.

இப்ப நீங்க கேக்காத கேள்விக்கு வர்றேன். கிள்ளலாமானு கேக்குறதுக்கு முன்னாடி பூ எந்தச் சந்தைக்குப் போகணும்னு கேட்டிருக்கணும். கிள்ளுன செடி கிள்ளாத செடிய விட பத்துலேந்து பதினஞ்சு நாள் பிந்தித்தான் பூக்கும், இத யாரும் சொல்றதில்ல. இன்னைக்கு எல்லாத்தையும் கிள்ளுனா பூஜைக்கு உங்க காட்டுல பச்சை மொட்டுதான் இருக்கும், பூஜை முடிஞ்ச மறுநாள்லேந்து விலை என்னாகும்னு பூச்சந்தை இருக்குற நிலக்கோட்டைக்காரருக்கு நான் சொல்லித் தரணுமா. ஆனா அங்கேந்து இருவது நாள்ல தீபாவளி, அதுக்குப் பின்னாடியே கார்த்திகை மாலை சீசன், கிள்ளுன செடி அதுக்கு சரியா வந்து நிக்கும்.

வீட்டுல சொல்றதுலயும் நியாயம் இருக்கு. செடிக்கு ஒரு மொட்டுன்னாலும் 6000 மொட்டு, பூ ஒண்ணு பத்து கிராம்னு வச்சா 60 கிலோ, பூஜை விலைக்கு சின்னக் காசு இல்ல. ஆனா அந்த நுனி இருக்குற வரைக்கும் அதுலேந்து ஆக்சின்னு ஒரு வளர்ச்சி ஹார்மோன் கீழ எறங்கி பக்கத்துக் கணுவ எல்லாம் அமுக்கி வச்சுக்கிட்டே இருக்கும். நுனி போனாத்தான் அதுங்க தலை தூக்கும், கிளைக்குக் கிளை மொட்டு வரும். துவரைல நுனி கிள்ளுறதும் இதே கணக்குத்தான். எல்லாச் செடிக்கும் இது ஆகாது, ஒத்தத் தலை சூரியகாந்திய கிள்ளுனா பூவே போச்சு, மாடித்தோட்டம் போடுறவங்க சிலர் கைக்கு எட்டுன நுனியெல்லாம் கிள்ளிட்டு அப்புறம் எனக்கு போட்டோ அனுப்புறாங்க.

இதுல டானிக் எங்க வந்துச்சு? நுனி அப்படியே இருக்க, மேல என்னன்னே தெரியாத டானிக்க ஊத்துனா கிளை வெடிச்சிடுமா? அந்த பாட்டில திருப்பிப் பாருங்க, உள்ள என்ன இருக்கு, எவ்வளவு சதவீதம்னு எழுதியிருக்கானு. 2021-லயே மத்திய அரசு பயோஸ்டிமுலன்ட்டுகள, அதாவது செடி வளர்ச்சியத் தூண்டுற இந்த மாதிரி சரக்குகள, உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள்ள கொண்டு வந்துருச்சு, பேரும் அளவும் போடாம விக்கக் கூடாது. இருந்தும் பச்சைக் கலர் தண்ணிய 'வெடிச்சு வரும்', 'குபுகுபுன்னு வளரும்'னு லேபிள் ஒட்டி வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இன்னும் கொடுமை, சில டானிக்ல ஜிப்ரலிக் அமிலம் இருக்கும், அது தண்ட இழுத்து நீட்டி விடுற சரக்கு, நீங்க கேட்டது குட்டையா அகலமா வர்ற செடி, கைக்கு வர்றது ஒல்லியா நீண்டு காத்துல சாயிற செடி. கடைக்காரர் கெட்டவர்னு சொல்லல, அவருக்கு அதுல லாபம் அதிகம், கிள்ளுறதுக்கு விரல் நகம் போதும், அத அவரால விக்க முடியாது. வாங்கியே தீருவேன்னா பேட்ச் நம்பரோட பில் போட்டுத் தரச் சொல்லுங்க, பாதி பேரு அங்கேயே பேச்ச மாத்துவாங்க. 1700 ரூபாய்க்கு ரெண்டு தடவ அடிக்கிறதுக்கு அந்தக் காச கூலிக்குக் குடுத்து பொம்பளையாளுங்க ரெண்டு பேர காலைல எறக்கி விடுங்க, தீந்துச்சு.

நாத்து வித்தவரையும் விட முடியாது. 20 சென்ட்ங்கறது 8700 சதுர அடி சொச்சம். கிள்ளி கிளை எடுக்குற செடிக்கு ரெண்டு அடிக்கு ஒன்றரை அடி குடுக்கணும், அப்படிப் பாத்தா 2900 நாத்து போதும். அவரு 6000 தலைல கட்டிட்டாரு, 9000 ரூபா தண்டம். இந்த நெருக்கத்துல எல்லாத்தையும் கிள்ளுனா கிளையோட கிளை மோதி உள்ள வெளிச்சம் போகாது, காத்து போகாது, அடி இலைல புள்ளி விழுந்து மேல ஏறும். அப்புறம் அதுக்கு மருந்து கேட்டு அதே கடைக்குப் போவீங்க.

நட்டத மாத்த முடியாது, அதனால இப்படிச் செய்ங்க. ஒரு பார் விட்டு ஒரு பார் கிள்ளுங்க, ஏற்கெனவே கிள்ளுன ரெண்டு பாரும் அப்படியே இருக்கட்டும். நாலஞ்சு ஜோடி இலைய விட்டுட்டு நுனில ரெண்டு விரக்கடை, இளசா நகத்துக்கு ஒடியிற எடத்துல, இலைக்கு ஒட்டி மேல. கத்திரிக்கோல் வேணாம், அது முத்துன தண்டையும் சேத்து வெட்டிடும், அப்புறம் முளை வர லேட் ஆகும். (இதே ஆளுங்க தக்காளி, மிளகாய்ல எறங்குனா மட்டும் புகையிலை போட்ட கைய சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க, மொசைக் வைரஸ் கையோட வரும்.) பக்க முளை ஒரு விரல் நீளம் வந்ததும் 20 சென்ட்டுக்கு 8 கிலோ யூரியா, அதையும் ரெண்டாப் பிரிச்சுப் போட்டு மண் அணைச்சு விடுங்க. செடி கறுகறுன்னு கரும்பச்சையா இருந்துச்சுன்னா அதுலயும் கொறைங்க, எலைய விக்கப்போறதில்ல.

கிள்ளாத பார் பூஜைக்குப் பூ குடுக்கும். உயரமா வளந்து பக்கத்துப் பார மறைக்கத்தான் செய்யும், அதனால பூஜைப் பறிப்பு முடிஞ்ச அடுத்த வாரமே அத வேரோட பிடுங்கிடுங்க. மொட்டு இருக்கேனு மனசு கேக்காது, பரவால்ல பிடுங்குங்க, அப்பத்தான் கிள்ளுன பாருக்கு ரெண்டு பக்கமும் எடம் கிடைச்சு கிளை விரியும். கனம் தாங்காம சாஞ்சா கயிறு கட்டி விட்டுக்கலாம்.