பெற்றோரைத் திரட்ட ஏன் பணம்? - கேள்வி பதில்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சமநீதி கேட்டுப் போராடும் பெற்றோர், மாணவர் அமைப்புகளுக்கு அறக்கட்டளைகள் தரும் நிதி பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: கணினி, நூலகம் என்று வாங்கிக் கொடுக்கலாமே? கூட்டம் போடுவதற்கு எதற்குப் பணம்?

அங்கே பள்ளிச் செலவில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை குறைந்த பகுதி என்றால் பள்ளிக்கும் வரவு குறைவு. கணினி நான்கைந்து வருடத்தில் பழசாகிவிடும். பெற்றோர் திரண்டு கேட்டு, பள்ளி நிதியைப் பங்கிடும் விதியை மாற்றினால் அதன் பலன் வருடா வருடம் பிள்ளைகளுக்கு வந்து சேரும். கலிபோர்னியா 2013-இல் அப்படி மாற்றியது: ஏழைப் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதி, செலவுத் திட்டத்தில் பெற்றோர் கருத்தைக் கேட்பது கட்டாயம்.

கேள்வி: பணம் எதற்குத்தான் செலவாகிறது?

முக்கியமாகக் களப்பணியாளர் சம்பளம். அப்புறம் கூட்டத்தில் மொழிபெயர்க்க ஆள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்க மாநிலத் தலைநகருக்குப் போக பஸ். இரண்டு வேலை பார்க்கும் ஒரு தாய் மாலைக் கூட்டத்துக்கு வருவதே இவற்றால்தான்.

கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் 1990-களின் தொடக்கத்தில் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தண்டனையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார்கள். கொதித்துப்போன பெற்றோர் ஒன்றுகூடியதில் பிறந்த அமைப்புதான் 'பாத்ரேஸ் ஒய் ஹோவெனெஸ் உனிதோஸ்'. சின்னத் தவறுக்கும் பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியே அனுப்பும் வழக்கத்தைக் குறைக்க 2012-இல் கொலராடோவில் ஒரு சட்டம் வந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நடுவில் இருபது வருடம். ஒரு வருட மானியத்தில் இது நடக்குமா?

கேள்வி: பெரிய தொகையாகக் கொடுத்தால் வேகமாக நடக்காதா?

நியூ ஜெர்சி மாநிலத்தின் நூவர்க் நகரத்தைப் பாருங்கள். அங்குள்ள பள்ளிகளைச் சீர்திருத்த 2010-இல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பர்க் 10 கோடி டாலர் அறிவித்தார். பெற்றோர் பலருக்கு அது தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரியும். முடிவுகள் பெற்றோரைக் கேட்காமல் மேலேயே எடுக்கப்பட்டதால் எதிர்ப்பு வலுத்தது. அந்தச் சீர்திருத்தங்களை எதிர்த்து நின்ற ராஸ் பராக்கா 2014-இல் மேயரானார். பணம் குறைவு என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை, அதுதான் குறை.

கேள்வி: பல அறக்கட்டளைகள் சேர்ந்து கொடுத்த முயற்சி உண்டா?

உண்டு. 'கம்யூனிட்டீஸ் ஃபார் பப்ளிக் எஜுகேஷன் ரிஃபார்ம்' என்ற கூட்டு நிதி 2007-இல் தொடங்கி எட்டு வருடம் நடந்தது. சுமார் 140 அமைப்புகளுக்கு 3.4 கோடி டாலர் போனது. நூவர்க்குக்கு ஒருவர் அறிவித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இது.

கேள்வி: சட்டச் சிக்கல் வராதா?

தனியார் அறக்கட்டளை, 'இந்த மசோதாவுக்கு ஆதரவு திரட்டு' என்று குறிப்பிட்டுப் பணம் தரக் கூடாது. பொதுச் செலவுக்கான மானியமாகத் தரலாம். தேர்தலில் வேட்பாளருக்கு ஆதரவு அறவே கூடாது.

கேள்வி: கொடுப்பவர் ஆட்டிவைக்க மாட்டாரா?

அந்த ஆபத்து நிஜம். ஆகவே உறுப்பினர் சந்தா கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்பேன். மானியத்தையும் ஒரே இடத்தில் வாங்காமல் நாலைந்து இடத்தில் வாங்குங்கள். கோரிக்கைப் பட்டியலைப் பெற்றோர் எழுதி முடித்த பிறகு விண்ணப்பத்தை எழுதுங்கள்.