பால் கடைவாய்ப் பல்லில் பெரிய குழி: பிடுங்கவா, கேப் போடவா?

என் மகனுக்கு 5 வயது. கீழ்த்தாடையில் கடைசிப் பல்லில் பெரிய சொத்தை. "விழப்போற பல்லுதானே, பிடுங்கிடு" என்கிறார் மாமியார். டாக்டரோ ரூட் கெனால் செய்து கேப் போடச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

விழப்போகிற பல்தான். ஆனால் எப்போது விழும் என்பதில்தான் சிக்கல். முன்பற்கள் 6, 7 வயதில் ஆட ஆரம்பிக்கும். அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் எல்லாப் பல்லையும் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் மகனின் அந்தப் பல் 10லிருந்து 12 வயதுக்குள்தான் விழும். இன்னும் ஐந்தாறு வருடம் அதில்தான் அவன் முறுக்கு கடிக்க வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பல்லுக்குப் பின்னால் 6 வயது வாக்கில் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னால் இருக்கும் பால் பல்தான் அதற்கு அணை. அணை இல்லாவிட்டால் புதுப்பல் முன்னோக்கி நகர்ந்து, பால் பல்லுக்குப் பதிலாக வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பிடுங்கினால், இடம் காக்க ஒரு கம்பி வளையம் மாட்டவேண்டி வரும். அதில் சோறு மாட்டும், சில சமயம் கழன்றும் வரும். பல்லே இருந்தால் அதைவிட நல்ல வளையம் கிடையாது.

அதற்காகப் பிடுங்கவே கூடாது என்று சொல்லவில்லை. பல் ஈறுக்குக் கீழே வரை உடைந்திருந்தாலோ, வேர் கரைந்திருந்தாலோ, எக்ஸ்ரேயில் சீழ் அடியில் வளரும் பல்லின் மொட்டு வரை போயிருந்தாலோ நானே பிடுங்கத்தான் சொல்வேன். எக்ஸ்ரே பார்க்காமல் இரண்டு பக்கமும் முடிவு சொல்லக் கூடாது, மாமியார் உட்பட.

ஒரு டாக்டர் பாதி நரம்பை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் முழு ரூட் கெனால் என்கிறார். யாரோ ஏமாற்றுகிறார்களோ?

அப்படி இருக்க வேண்டியதில்லை. குழியின் அளவைவிட, உள்ளே நரம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஜில்லென்று ஏதாவது சாப்பிடும்போது வலித்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் நரம்பு பிழைக்கும். நடுராத்திரியில் குழந்தை அழுது எழுந்தால் சந்தேகம்தான். ஈறில் பரு மாதிரி கொப்புளம் இருந்தால் நரம்பு செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கடைசி முடிவு பல்லைத் திறந்த பிறகுதான். மேல்பகுதி நரம்பை எடுத்துவிட்டு ஈரப்பஞ்சை வைத்து அழுத்துவோம். சில நிமிடத்தில் ரத்தம் நின்றால் வேரில் இருக்கும் நரம்பு நன்றாக இருக்கிறது. அதன்மேல் எம்டிஏ போன்ற மருந்தை வைத்து மூடி, கேப் போடலாம். பஞ்சை எடுக்க எடுக்கக் கருஞ்சிவப்பாக ஊறிக்கொண்டே இருந்தால் வேர் வரை சுத்தம் செய்யவேண்டியதுதான். ஆகவே நடுவில் டாக்டர் திட்டத்தை மாற்றினால் கோபப்படாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வேரை அடைக்கும் பொருள் கரையாது. அடியில் நிரந்தரப் பல் வரவேண்டிய பால் பல்லில், வேரோடு சேர்ந்து கரையும் பசையைத்தான் வைக்க வேண்டும்.

ஊசி, டிரில் எதுவும் இல்லாமல் கேப் போடலாமாமே?

போடலாம். நோர்னா ஹால் என்ற ஸ்காட்லாந்து பல் மருத்துவர் செய்துவந்த முறை. அவர் பெயராலேயே ஹால் முறை என்கிறார்கள். பற்கள் நெருக்கமாக இருந்தால் இடையில் சின்ன ரப்பர் வளையம் வைத்து மூன்று முதல் ஐந்து நாள் கழித்து எடுப்போம். இடைவெளி கிடைத்ததும், அளவு பார்த்த ஸ்டீல் கேப்பில் சிமென்டை நிரப்பிப் பல்மேல் வைத்து, "நல்லா கடி கண்ணா" என்போம். மீதியைக் குழந்தையே செய்துவிடும். சொத்தையைச் சுரண்டுவதில்லை. சாப்பாடு கிடைக்காமல் உள்ளேயே கிருமிகள் அடங்கிவிடும்.

அன்று வீட்டுக்குப் போனதும் "வாயே மூட மாட்டேங்குது" என்று போன் வரும். கேப் உயரமாக இருப்பதால் அப்படித்தான் இருக்கும், சில வாரங்களில் கடி சமமாகிவிடும். ராத்திரி வலி, கொப்புளம் இருந்த பல்லுக்கு இது வேண்டாம். எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே நல்ல பல் கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

அப்புறம், "வெறும் ஃபில்லிங் போதாதா, செலவு குறையுமே" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மேலே சின்னக் குழி என்றால் போதும். இரண்டு பல்லுக்கு நடுவே இறங்கிய சொத்தைக்குப் பால் பல்லில் ஃபில்லிங் அடிக்கடி பெயர்ந்து வரும். நான் கேப்பின் பக்கம்தான்.

இரண்டரை வயதுப் பெண். நாற்காலியில் உட்காரவே மாட்டாள். கறுப்பு மருந்து தடவச் சொல்கிறார்கள்.

சில்வர் டயமின் ஃப்ளூரைடு. நல்ல யோசனை. தொட்டு வைக்க ஒரு நிமிடம் போதும், வலிக்காது. சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்று, அந்த இடம் கரியாகக் கறுத்துவிடும். குழி அப்படியே இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவவேண்டி வரலாம். நரம்பு செத்த பல்லுக்கு உதவாது. கறுப்பைப் பார்த்துப் பாட்டி பதறுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராத்திரி பால் புட்டியை நிறுத்தாவிட்டால் எந்த மருந்தும் வீண்.

கன்னம் வீங்கியபோது மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தோம். வீக்கம் வற்றிவிட்டது. இனி பல்லை அப்படியே விடலாமா?

விடக் கூடாது. செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. வீக்கம் திரும்ப வரும். கிராம்பு எண்ணெய் ஈறைப் புண்ணாக்கும், குழந்தை விழுங்கினால் ஆபத்து. வலிக்கு எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். வீக்கத்தோடு காய்ச்சல், கண் மூடுவது, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, இதில் எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.