மகனின் கூடைப்பந்துக்காக வீட்டின் மேல் இன்னும் கடன் வாங்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. ஆறடி ஒரு அங்குலம், டீமின் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு இடத்தில் ஆடுகிறான். நான்கு வருடக் கல்லூரி எதுவும் அவனைக் கூப்பிடவில்லை. என்பிஏ வீரர் ஜிம்மி பட்லர் மாதிரி இரண்டு வருட ஜூனியர் காலேஜில் ஆடிவிட்டு மேலே போகிறேன் என்கிறான். மூன்று வருடமாக கிளப் டீம் செலவு, பயணச் செலவு எல்லாம் வீட்டின் மேல் வாங்கும் ஹெலாக் கடனில்தான் எடுத்தேன். பாக்கி 31,000 டாலர், வட்டி 8.5%. தனிப் பயிற்சிக்கு மட்டும் சம்பளத்திலிருந்து மாதம் 320 டாலர் போகிறது. இப்போது ஒரு ரெக்ரூட்டிங் கம்பெனி, ஜூனியர் காலேஜ் கோச்களிடம் கொண்டுசேர்க்க 3,900 டாலர் கேட்கிறது. அதையும் ஹெலாக்கில் எடுக்கலாமா? ஐயூஎல் என்ற ஆயுள் காப்பீட்டுப் பாலிசி போட்டால் காலேஜ் செலவு அதிலிருந்தே வரும் என்கிறார் என் மச்சினன். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த 3,900 மட்டும் இல்லை, இனி கூடைப்பந்துக்கென்று ஹெலாக்கிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டை இரண்டு முறை படித்தேன். ஜூலை மாதம், லாஸ் வேகாஸ்: ஹோட்டல் மூன்று இரவு, வாடகைக் கார், விமானத்தில் பெட்டிக் கட்டணம், அதற்குக் கீழே டோர்னமென்ட் நுழைவுச் சீட்டு 45 டாலர். பெற்ற பிள்ளை ஆடுவதைப் பார்க்க அவன் அம்மா கொடுத்த அந்த 45 டாலரும் வீட்டின் மேல் கடனாக உட்கார்ந்திருக்கிறது. மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டுகிறீர்கள், அதனால் அசல் அசையவே இல்லை.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 31,000-க்கு 8.5% என்றால் வருடத்துக்குச் சுமார் 2,600 டாலர் வட்டி. கலிஃபோர்னியாவாசிகளுக்கு கம்யூனிட்டி காலேஜ் (இங்கே ஜூனியர் காலேஜ் என்பதும் இதுதான்) கட்டணம் ஒரு யூனிட் பாட அளவுக்கு 46 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380, இரண்டு வருடத்துக்கு 2,760. நீங்கள் கட்டும் ஒரு வருட வட்டியும் மகனின் இரண்டு வருடப் படிப்புக் கட்டணமும் ஏறக்குறைய ஒன்று! போதாததற்கு, முதல்முறையாக முழுநேரம் சேரும் மாணவர்களுக்குப் பல காலேஜ்கள் அந்தக் கட்டணத்தையே தள்ளுபடி செய்கின்றன. அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை நேரத்தோடு நிரப்புங்கள். வீட்டைக் கட்டவோ சீர்செய்யவோ எடுத்த ஹெலாக் வட்டிக்குள்ள வரிக்கழிவு இதற்குக் கிடையாது. தவறிப்போய் வரிக் கணக்கில் காட்டியிருந்தால் அதைப் பார்க்கும் உங்கள் சிபிஏவிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த 3,900-க்கு என்னதான் கிடைக்கும்? கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே இல்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் இல்லை. 12 யூனிட் பதிவுசெய்து, டீமில் தேறினால் ஆடலாம். உங்கள் ஊரிலேயே ஓலோனி காலேஜ் இருக்கிறது. பக்கத்தில் சாபோ, டி அன்சா. கொஞ்சம் தள்ளிப் போனால் பலமான டீம் உள்ள சிட்டி காலேஜ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ. தன் வட்டாரத்தையும் அதை ஒட்டிய வட்டாரங்களையும் தாண்டி இருக்கும் பையனை கோச் தானாக அழைக்க அங்கே விதி இடம் தராது. பையன்தான் முதலில் தொடர்புகொள்ள வேண்டும். ஆகவே உங்கள் மகன் இன்றிரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவனே மெயில் எழுதட்டும்: உயரம், ஆடும் இடம், மதிப்பெண் பட்டியல், இந்த சீசன் அட்டவணை, வெட்டாத முழு ஆட்டம் இரண்டின் வீடியோ. பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடி திரும்பி ஓடுகிறானா, தலையைத் தொங்கப்போடுகிறானா என்பது மூன்று நிமிட ஹைலைட் வீடியோவில் தெரியாது. கோச் பார்க்க விரும்புவது அதைத்தான்.

வெளிமாநிலம் என்றால் கதை வேறு. அங்கே ஜூனியர் காலேஜ் விளையாட்டை நடத்துவது பெரும்பாலும் என்ஜேசிஏஏ என்ற அமைப்பு. அதில் முதல் டிவிஷன் காலேஜ் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு வரை கொடுக்கலாம். கூடைப்பந்துக்கு ஒரு காலேஜுக்கு 15 ஸ்காலர்ஷிப் வரைதான். இரண்டாம் டிவிஷனில் கட்டணமும் புத்தகமும் கிடைக்கலாம், தங்குமிடம் உங்கள் கைக்காசு. மூன்றாவதில் விளையாட்டுக்காக எதுவும் கிடையாது. ஜிம்மி பட்லர் டெக்ஸஸில் டைலர் ஜூனியர் காலேஜில் ஒரு சீசன் ஆடி, மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்துக்குப் போய், 2011-ல் என்பிஏவுக்குள் நுழைந்தது உண்மைதான். ஆனால் அது, காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வராத காலம். இப்போது பெரிய காலேஜ் கோச்கள் அங்கிருந்தே அனுபவப்பட்டவர்களைப் பொறுக்குகிறார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்களும் ஜூனியர் காலேஜுக்கு வந்து நிற்கிறார்கள். மகனின் ஆசையைக் குறைத்துப் பேசவில்லை, அவன் ஆடட்டும். ஆடிக்கொண்டே நல்ல மதிப்பெண்ணும் வைத்திருந்தால் டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உட்பட ஆறு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களில் ஏதாவது ஒன்றில் டிரான்ஸ்ஃபருக்கு உத்தரவாதமே வாங்கலாம். எந்தக் கோச்சின் தயவும் அதற்கு வேண்டாம்.

ஐயூஎல் பற்றி: அடுத்த ஆகஸ்டில் தேவைப்படும் பணத்தை, ஆரம்ப வருடங்களில் கமிஷனும் கட்டணமும் தின்றுவிடும், பாதியில் நிறுத்தினால் சரண்டர் கட்டணமும் பிடிக்கும் பாலிசியில் கொண்டுபோய் வைப்பதா? மச்சினனிடம் முகத்தை முறிக்க முடியாதுதான். "ஹெலாக் அடையட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள். அடைந்த பிறகு கேட்டாலும் என் பதில் மாறாது.

தனிப் பயிற்சியை நிறுத்துங்கள். அந்த 320-ஐ இப்போது கட்டும் 220 வட்டியோடு சேருங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-வில், கம்பெனி தன் பங்காகப் போடும் மேட்ச்சைப் பெறத் தேவையானதற்கு மேல் போடுவதைக் கொஞ்ச காலம் இதற்குத் திருப்பி, மாதம் 900 கட்டப் பாருங்கள். வட்டி ஏறாமல் இருந்தால் மூன்று வருடம் நான்கு மாதத்தில் கடன் தீரும். வங்கிக்கு ஃபோன் செய்து ஹெலாக்கில் மேற்கொண்டு எடுக்க முடியாதபடி முடக்கச் சொல்லுங்கள். வேகாஸ் டிக்கெட் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

கான்ஸஸிலிருந்தோ டெக்ஸஸிலிருந்தோ ஸ்காலர்ஷிப் கடிதம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள். தங்குமிடமும் சாப்பாடும் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் அந்தக் கடிதம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.