மகள் மெக்கானிக்கல் டிப்ளமா கேட்கிறாள், அப்பா வேண்டாம் என்கிறார்

திருவொற்றியூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல்தான் சேருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் பல வருடமாக லேத் என்னும் கடைசல் மெஷின் ஓட்டும் உங்களுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "நான் ஆயிலில் ஊறினது போதும், அவளாவது ஏ.சி. ரூமில் உட்காரட்டும். போர்டு கார் கம்பெனியையே மூடிட்டான், அமெரிக்காக்காரன் வரி போடறான், கரன்ட் வண்டி வருது. இனி இந்தத் தொழிலுக்கு ஆயுசு இருக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அவளைச் சேர்த்து விடுங்கள். ஆனால் மெஷின் ஓட்டுவதோடு நின்றுவிடாமல், அளவு பார்க்கிற வேலைக்கு, அதாவது குவாலிட்டிக்குப் போகும்படி இப்போதிருந்தே வழிகாட்டுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் கடைகிற புஷ், அந்தச் சின்ன உருளை வளையம், எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பட்டறையிலிருந்து டெம்போவில் ஏறி பாடியிலோ ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ ஒரு பெரிய கம்பெனிக்குப் போகும். அங்கே பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ பொருத்தப்பட்டு கார் கம்பெனிக்குப் போகும். கார் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பல் ஏறி வேறு நாட்டுக்குப் போகும். காரில் போகாமல் உதிரிபாகமாகவே கன்டெய்னரில் போவதும் உண்டு. கார் கம்பெனிக்கு நேராகக் கொடுப்பவர் முதல் அடுக்கு, அவருக்குக் கொடுக்கும் உங்கள் முதலாளி இரண்டாம் அடுக்கு. வெளிநாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு உங்கள் பட்டறையின் பெயர் தெரியாது. ஆனால் அந்த புஷ் பிசகினால், எந்த நாள், எந்த ஷிப்டு, எந்த மெஷின், எந்த உருக்கில் வார்த்த கம்பி (ஹீட் நம்பர்) என்பது வரை கேள்வி திரும்பி வரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆட்கள்தான் இந்தத் தொழிலில் எப்போதும் பற்றாக்குறை.

நம் பக்கத்துக்காரர்கள் இதை எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். பாடியில் வளர்ந்த சுந்தரம் கிளேட்டன் 1998-ல், தரத்துக்காகக் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்படும் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதை முதலில் வாங்கிய கம்பெனி அதுதான். பின்னாலேயே 2003-ல் ரானே பிரேக் லைனிங், 2004-ல் லூகாஸ் டி.வி.எஸ். பாடியில் 1966-ல் உற்பத்தி தொடங்கிய சுந்தரம் பாஸ்டனர்ஸ், 1990-களின் தொடக்கத்திலிருந்தே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்புகிறது. கூலி மலிவு என்பதற்காக மட்டும் அந்த ஆர்டர் நிலைக்கவில்லை. கூலி இதைவிட மலிவான ஊர்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஆயிரமாவது மூடியும் முதல் மூடி மாதிரியே இருக்கும் என்று எண்களைக் காட்டிச் சொல்ல முடிந்ததால் நிலைத்தது. இதில் எனக்கு மிகுந்த பெருமை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். டிராயிங்கில் விட்டம் 25 மில்லிமீட்டர், கூடக் குறைய 0.02 என்று போட்டிருக்கிறது. காலை ஷிப்டில் செட்டிங் முடிந்ததும் வரும் முதல் பீஸைத் துடைத்து மைக்ரோமீட்டரில் பிடிக்கிறார்கள். 25.012. பாஸ்தான். ஒரு மணி நேரம் கழித்து 25.015, அதற்கடுத்து 25.018. இதுவும் பாஸ்தான். ஆனால் சார்ட்டில் புள்ளி வைத்துப் பார்க்கிறவளுக்கு டூல், அதாவது வெட்டும் உளி, தேய்கிறது என்று தெரிந்துவிடும். ரிஜெக்ஷன் விழுவதற்கு முன்பே ஆபரேட்டரிடம் ஆஃப்செட்டை, அதாவது மெஷினில் டூலுக்குப் போட்ட அளவுத் திருத்தத்தை, மாற்றச் சொல்லுவாள். அளவைச் சொல்லாமல் பாஸா ஃபெயிலா என்று மட்டும் காட்டும் கோ, நோ-கோ கேஜ் வைத்துத் தள்ளுகிற இடத்தில் இது தெரியாது. பெட்டி நிறைந்த பிறகுதான் தெரியும். இந்தப் பிடிமானம் உங்கள் கைக்கு ஏற்கெனவே இருக்கிறது ஐயா, சிப்ஸின் (கடைசல் சுருள்களின்) நிறத்தையும் சத்தத்தையும் வைத்தே டூல் போய்விட்டது என்று சொல்லிவிடுவீர்கள். மகள் அதையே எண்ணில் எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறாள். பீஸை எல்லாப் பக்கமும் நுணுக்கமாக அளக்கும் சி.எம்.எம். மெஷின் இருக்கும் அறை 20 டிகிரியில் குளிரூட்டப்பட்டிருக்கும். நீங்கள் ஆசைப்படும் ஏ.சி. ரூம் அங்கேயே இருக்கிறது.

இனி உங்கள் பயங்கள். போர்டு மூடியது உண்மை. 2021-ல் அறிவித்து 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தினார்கள். அவர்களுக்கு மட்டுமே பீஸ் கொடுத்த சின்னப் பட்டறைகள்தான் அதிகம் அடிபட்டன. அமெரிக்கா 2025 மே மாதம் உதிரிபாகங்களுக்கு 25 சதவீத வரி போட்டதிலும் அதே பாடம்தான். ஒரே வாடிக்கையாளர், ஒரே நாடு என்று இருக்கும் கம்பெனி காற்றடித்தால் ஆடும். மகள் வேலைக்குச் சேரும்போது "உங்கள் பீஸ் யார் யாருக்குப் போகிறது?" என்று தைரியமாகக் கேட்கட்டும்.

மின்சார வண்டி விஷயத்தில் கம்பெனியின் பெயரை விட, அது செய்யும் பொருளைப் பாருங்கள். என்ஜின் வால்வு, பிஸ்டன், சைலன்சர் மட்டும் செய்கிற இடம் என்றால் இருபது வருடக் கணக்குப் போட்டு யோசிக்க வேண்டும். ஸ்டீயரிங், சக்கரம், சீட், போல்ட் இதெல்லாம் எந்த வண்டிக்கும் வேண்டும். பிரேக்கும் வேண்டும், ஆனால் மின்சார வண்டியில் மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடிக்க உதவுவதால் லைனிங் மெதுவாகத்தான் தேயும். அளவு பார்க்கத் தெரிந்தவளுக்கு இன்னொரு வசதி, பொருள் மாறினாலும் கையிலிருக்கும் வித்தை மாறாது.

கல்லூரிக்கு வருவோம். புரசைவாக்கம் அரசு பாலிடெக்னிக்கையும் ஆவடி முருகப்பா பாலிடெக்னிக்கையும் நேரில் போய்ப் பாருங்கள். கட்டிடத்தைப் பார்க்க வேண்டாம், மெட்ராலஜி லேப், அதாவது அளவு பார்க்கக் கற்றுத்தரும் அறை, எங்கே என்று கேளுங்கள். மைக்ரோமீட்டர் பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா, பிள்ளைகள் கையில் இருக்கிறதா என்பது உங்கள் கண்ணுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பியுங்கள். டிப்ளமா முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், கதவு அடைபடாது. எக்செல்லும் பேசுகிற அளவுக்கு ஆங்கிலமும் கட்டாயம் வேண்டும். வாடிக்கையாளருக்குப் போகும் ரிப்போர்ட் எல்லாம் அதில்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் டிரெயினி என்று எடுத்து, வேலையெல்லாம் வாங்கிக்கொண்டு, காலம் முடிந்ததும் அனுப்பிவிடுகிற பழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் மனம் உடைந்து வந்து நிற்பதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வரும். அதனால் படிப்பு முடிந்ததும் அரசு போர்ட்டலில் பதிவான அப்ரன்டிஸ்ஷிப் ஒரு வருடம் போகட்டும், சான்றிதழ் கையில் வரும். பிறகு எங்கே சேர்ந்தாலும் ஆர்டரில் யாருடைய பெயர் இருக்கிறது, கம்பெனியா கான்ட்ராக்டரா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று நீங்களே படித்துப் பாருங்கள். இரவு ஷிப்டுக்கு வீட்டு வாசல் வரை வண்டி வருமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பதில் வராது.

விண்ணப்பத்தில் பிரிவைத் தேர்வு செய்யும்போது மெக்கானிக்கலை முதலிலும் ஆட்டோமொபைலை அடுத்தும் போடுங்கள். ஆட்டோமொபைல் டிப்ளமா சர்வீஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும், மெக்கானிக்கல் என்றால் விமான உதிரிபாகம், பம்பு, வால்வு என்று வேறு இடங்களுக்கும் போகலாம். மதிப்பெண் பட்டியலின் நகலை எனக்கு அனுப்புங்கள், கணக்கில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மீதியைப் பேசுவோம்.