டபுள் கேப் பிக்கப் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: ஐயா, சத்தியவேடு பக்கம் போர் மோட்டார் ரிப்பேர் வேலை செய்கிறேன். நாகலாபுரம், பிச்சாட்டூர், எல்லை தாண்டி ஊத்துக்கோட்டை வரை கூப்பிடுவார்கள். என்னோடு மூன்று பேர். மாதம் 18 நாள் போல ஒரு குட்டி யானையை வாடகைக்கு எடுக்கிறேன். டிரைவர், டீசல் சேர்த்து நாளுக்கு 1,200 ரூபாய். பையன்கள் பைக்கில் வருவார்கள், சில நாள் பைப்போடு பின்னாலேயே ஏறிக்கொள்வார்கள். கோடையில் வண்டி கிடைக்காமல் மாதம் மூன்று நான்கு வேலை கைவிட்டுப் போகிறது, ஒரு வேலைக்குக் கூலி 2,500 வரும். சொந்த வண்டிக்கு என்று 5 லட்சம் சேர்த்திருக்கிறேன். "முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் சரக்குத் தட்டு என்று சின்ன டபுள் கேப் பிக்கப் இந்தியாவுக்கு வரப்போகிறது, பொறுங்கள்" என்கிறான் மகன். "சென்னையில் பழைய இசுசு வி-கிராஸ் பிக்கப் 14 லட்சத்துக்கு இருக்கிறது, நம்ம ஸ்ரீசிட்டியில் செய்த வண்டிதானே, எடு" என்கிறார் மச்சான். இப்படி ஒரு வண்டி வந்தால் நன்றாக விற்கும்தானே, கம்பெனிகள் ஏன் கொண்டு வரவில்லை? வந்தால் அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கி வைக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். உங்கள் மகன் சொல்லும் வண்டி, கொஞ்சம் முரட்டு உருவத்தில், ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கம்பெனிகள் ஏன் தயங்குகின்றன என்று பார்த்துவிடலாம்.

ஃபோர்டு 2021-ல் அமெரிக்காவில் மேவரிக் என்ற பிக்கப்பை அறிமுகப்படுத்தியது. தொடக்க விலை 20,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. அங்கே அதைச் 'சின்ன' வண்டி என்கிறார்கள், நீளம் ஐந்து மீட்டருக்கு மேல். உங்கள் ஊர்ச் சந்தில் அதைத் திருப்ப ஒரு ஆள் கீழே இறங்கிக் கை காட்ட வேண்டும். பிரேசிலில் ஃபியட் ஸ்ட்ராடா என்ற உண்மையிலேயே சிறிய பிக்கப், கார்களையும் பின்னால் தள்ளி நாட்டிலேயே அதிகம் விற்கும் வண்டியாக இருந்துவருகிறது. டொயோட்டா 2023 கடைசியில் தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் என்ற மலிவுப் பிக்கப்பை இறக்கியது. இதையெல்லாம் யூடியூபில் பார்க்கிற பையனுக்கு ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் ஒரு நாட்டில் பிக்கப் ஓடுவதும் ஓடாததும் பாதி அந்த நாட்டு வரியைப் பொறுத்தது. தாய்லாந்தில் பிக்கப்புக்குக் கலால் வரி குறைவு. அமெரிக்காவில் 1964 முதல் வெளிநாட்டுச் சிறு டிரக்குக்கு 25 சதவீத இறக்குமதி வரி. ஐரோப்பாவோடு கோழி இறைச்சியில் தொடங்கிய சண்டை அது, கோழியை எல்லோரும் மறந்த பிறகும் வரி நிற்கிறது. அதிலிருந்து தப்பிக்க சுபாரு, தன் பிராட் பிக்கப்பின் சரக்குத் தட்டில் இரண்டு இருக்கையைப் பொருத்தி, இது ஆள் ஏற்றும் வண்டி என்று சொல்லி விற்றது. நீங்கள் பையன்களைத் தட்டில் ஏற்றுகிறீர்கள், அவர்கள் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து வரியை மிச்சம் பிடித்தார்கள்!

இந்தியாவுக்கு வருவோம். சரக்கு ஏற்றுகிறவர் ஒரு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் அது எடையில் தெரிய வேண்டும் என்பார், அவருக்குச் சிங்கிள் கேப் போதும். குடும்பத்துக்கு வண்டி தேடுகிறவர் அதே விலைக்கு மூடிய டிக்கியோடு எஸ்யூவி வாங்கிவிடுவார். நடுவில் நிற்பவர்கள் உங்களைப் போன்ற ஆட்கள்: நான்கு பேர், கூடவே அரை டன் இரும்பு. உங்களைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள், ஆனால் 15 லட்சம் கொடுக்க மாட்டார்கள். மகிந்திரா ஸ்கார்ப்பியோவைப் பிக்கப்பாக்கி 'கெட்டவே' என்று இங்கேயும் விற்றுப் பார்த்தது, நிற்கவில்லை. அதன் வாரிசு தென்னாப்பிரிக்காவில் நன்றாக ஓடுகிறது. டாடா ஜெனான் கதையும் ஏறக்குறைய இதுதான். இசுசு 2016-ல் ஸ்ரீசிட்டியில் ஆலை திறந்து வி-கிராஸ் செய்கிறது, விலை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டொயோட்டா ஹைலக்ஸ் 30 லட்சத்தை ஒட்டி. கம்பெனிகள் சிறிய பிக்கப்பைக் கொண்டு வரலாமா என்று என்னைக் கேட்டால், 10 லட்சத்துக்குள் தர முடிந்தால் வாருங்கள், இல்லையென்றால் ஏற்றுமதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

இப்போது உங்கள் கணக்கு. வாடகை மாதம் 21,600 ரூபாய். மகிந்திரா பொலேரோ கேம்பர் பார்த்திருப்பீர்கள், ஈபி ஆட்கள் அதில்தான் சுற்றுவார்கள். இரண்டு வரிசை இருக்கை, பின்னால் தட்டு, ஷோரூம் விலை 10 லட்சத்தைச் சுற்றி. டாடா யோதாவிலும் இதே மாதிரி க்ரூ கேப் உண்டு. சாலைக்கு வரும்போது 11.5 லட்சம் ஆகிறது என்று வைப்போம். உங்கள் 5 லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தொடாதீர்கள். 4 லட்சம் முன்பணம், 7.5 லட்சம் கடன். 10.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை 16,120 ரூபாய். சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 2022-ல் அறிவித்த விகிதப்படி வருடம் 16,049 ரூபாய், சொந்தச் சேதத்தையும் சேர்த்தால் மாதம் 3,000 ஒதுக்குங்கள். டயர், சர்வீஸ் 3,000. நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் டீசல் 7,000-க்கு மேல். மொத்தம் 29,000-ஐத் தாண்டுகிறது. அதாவது ஐந்து வருடத்துக்கு வாடகையை விட மாதம் ஏழெட்டாயிரம் அதிகம்.

தட்டிப்போகும் வேலைகள் உண்மையில் மாதம் மூன்று நான்கு என்றால் அந்த 7,500 முதல் 10,000 இந்தப் பள்ளத்தை மூடும். ஆனால் அது கோடைக் கணக்கு, ஐப்பசி கார்த்திகையில் யார் மோட்டாரைத் தூக்கச் சொல்கிறார்கள்? அதனால் வரும் மாசி முதல் ஆனி வரை ஒரு நோட்டில் எழுதுங்கள்: யார் கூப்பிட்டார், ஏன் போகவில்லை, எவ்வளவு போச்சு. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பிப் பார்த்தும் மாதம் 7,000 தேறினால் வண்டி எடுங்கள். தேறவில்லையா, குட்டி யானைக்காரரிடம் கோடை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் போடுங்கள், 5 லட்சம் வங்கியில் கிடக்கட்டும்.

எடுப்பதாக இருந்தால் ஷோரூமுக்கு, போருக்குள் மோட்டாரோடு இறக்கும் பத்தடி காலம் (column) பைப் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. டபுள் கேப்பில் தட்டு நீளம் ஐந்தடியை ஒட்டித்தான் இருக்கும், மேவரிக்கிலேயே நாலரை அடிதான். பைப் பின்னால் துருத்திக்கொண்டு போனால் போலீஸ் நிறுத்துவார், பின்னால் வரும் பைக்காரருக்கு அதைவிட ஆபத்து. கேபின் மேல் வரை சாய்த்து வைக்க ஒரு கேரியர் அடிக்க வேண்டும், வெல்டிங் செலவையும் ஆர்டிஓ அனுமதி பற்றியும் முன்பே கேட்டுவிடுங்கள். செயின் பிளாக், முக்காலி, கிளாம்ப், மோட்டார் எல்லாம் தட்டின் அடியில் போகட்டும். பையன்கள் உள்ளே இருக்கையில். தட்டில் உட்கார்ந்தபடி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். பாலிசியில் தொழிலாளர் பொறுப்புக்கான பிரீமியத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள், சொற்பத் தொகைதான்.

எல்லை தாண்டுகிற உங்களுக்கு இன்னொன்று முக்கியம். மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. வாங்கும் மாடலின் மொத்த எடையை எழுத்தில் வாங்கிப் பாருங்கள், 3,000-ஐத் தாண்டிய மாடல் என்றால் ஊத்துக்கோட்டைக்குப் போகவே தனிப் பர்மிட் வேலை. லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம்: 7,500 கிலோ வரை சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

வண்டி வாங்கினால் டேக்ஸ் மிச்சம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் திட்டத்தில் நீங்கள் கணக்குக் கொடுத்தால் தேய்மானம் அதிலேயே அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு வண்டி மேல் கட்டும் 18 சதவீதமும் திரும்பி வராது.

பங்கு விஷயம் சுருக்கமாக. இசுசுவின் இந்திய நிறுவனம் நம் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. மகிந்திராவுக்கு டிராக்டர், எஸ்யூவி, நிதி நிறுவனம் என்று ஆயிரம் வேலை, டாடா மோட்டார்ஸ் 2025-ல் கார் தனி, லாரி தனி என்று பிரிந்துவிட்டது. ஒரு பிக்கப் வந்ததாலோ வராததாலோ இவற்றின் லாபம் அசையாது. வண்டிக்கு வைத்த பணத்தைப் பங்கில் போடவே கூடாது.

மச்சான் சொன்ன வி-கிராஸ்: 4 லட்சம் போக 10 லட்சம் கடன், பழைய வண்டிக்கு வட்டி 13 சதவீதம் என்றால் தவணை மட்டும் 22,750 ரூபாய். நீங்கள் இன்று கொடுக்கும் மொத்த வாடகையை விட அதிகம். பக்கத்து ஆலையில் பிறந்த வண்டியானாலும் தமிழ்நாட்டுப் பதிவெண். அந்த ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, ஆந்திராவில் மீண்டும் வரி கட்டி, பன்னிரண்டு மாதத்துக்குள் பதிவை மாற்ற வேண்டும். விலையைக் கேட்டபோது மச்சான் அந்த வரியையும் சேர்த்துத்தான் 14 என்றாரா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.