அமெரிக்காவில் பிரைமரி தேர்தலுக்குப் போய் ஓட்டுப் போடுவதால் என்ன பயன்? நவம்பரில் போட்டால் போதாதா?

நீங்கள் புதிதாகக் குடியுரிமை வாங்கியவர் என்று நினைக்கிறேன். நவம்பர் தேர்தலில் ஒவ்வொரு கட்சிக்கும் யார் வேட்பாளர் என்று முடிவு செய்வதற்கான ஓட்டுதான் பிரைமரி. 2024 ஜனவரியில் என் மனைவியும் இதையேதான் கேட்டாள். அது அவளுக்கு முதல் ஓட்டு.

நாங்கள் இருப்பது நியூ ஹாம்ப்ஷயர், நஷுவாவில். ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, தோசை வார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டாள். பைடன் குரல்! செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், ஓட்டை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது. "ஏங்க, பிரசிடெண்டே சொல்றாரு, அப்புறம் எதுக்குக் குளிர்ல அலையணும்?" என்றாள். எனக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் செய்தியில்தான் தெரிந்தது, அது ஏஐ வைத்துச் செய்த போலிக் குரல், ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போயிருக்கிறது என்று. செவ்வாய்க்கிழமை அவள்தான் முதலில் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் இங்கே விரும்பிய கட்சியின் ஓட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். அவள் டெமாக்ரடிக் சீட்டு வாங்கினாள். அதில் பைடன் பெயரே இல்லை. முதல் பிரைமரி சவுத் கரோலினா மாநிலத்தில்தான் என்று கட்சி முடிவெடுத்து, எங்கள் பிரைமரியை அங்கீகரிக்காததால் அவர் இங்கே மனு போடவில்லை. காலியாக விட்டிருந்த வரியில் அவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எழுதினாள். அப்படி எழுதியே அவருக்கு 64 சதவீதம் போல விழுந்தது.

நான் ரிபப்ளிகன் சீட்டில், டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்குப் போட்டேன். இந்திய வம்சாவளி என்பதற்காகத்தானே என்று கமெண்டில் வராதீர்கள், அதற்காக இல்லை. டிரம்ப் 54, ஹேலி 43 சதவீதம். ஆனால் கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை ஓட்டு விகிதப்படி பிரிப்பதால் 22 பேரில் 9 பேர் ஹேலிக்கு வந்தார்கள். தோற்றவருக்குப் போட்டதும் கணக்கில் சேர்ந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் இங்குள்ள தமிழர்களின் பொங்கல் விழா. தமிழ்நாட்டுக் கூட்டணிக் கணக்கை இரண்டு மணி நேரம் பேசினார்கள். பத்து வருடமாகக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் இவர்கள். செவ்வாய்க்கிழமை தேர்தல் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

அந்த போனுக்கு ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். ஆனால் குற்ற வழக்கில், கட்சி அங்கீகரிக்காத இந்த பிரைமரிக்கு அர்த்தமே இல்லை என்று அவர் தரப்பு வாதாடியது. 2025 ஜூனில் ஜூரி அவரை விடுவித்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "அப்போ நான் போட்டது ஓட்டு இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி. அவளுக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கும்தான்.