அந்த நீலக் கோடுகளை அழித்துவிடாதீர்கள்

கேள்வி: கும்பகோணத்துப் பழைய புத்தகக் கடையில், கெட்டி அட்டையில் மையால் வரைந்த கிரிக்கெட் கேலிச்சித்திரம் ஒன்றை வாங்கினேன். செய்தித்தாளுக்காக வரைந்த அசல் என்றார் கடைக்காரர். ஆனால் நீலப் பென்சில் கோடுகளும் வெள்ளைத் திட்டுகளுமாக இருக்கிறது. இது அசல்தானா? சுத்தம் செய்து லேமினேஷன் போடலாமா?
– வாசகர், சுவாமிமலை

பதில்: நீங்கள் அழுக்கு என்று நினைப்பவைதான் அது அசலாக இருக்கலாம் என்பதற்கான நல்ல அடையாளங்கள். அச்சுக்காகப் படம்பிடிக்கும் கேமராவில் வெளிர்நீலம் பதியாது என்பதால், ஓவியர்கள் நீலப் பென்சிலால் உருவம் போட்டுக்கொண்டு, அதன்மேல் கறுப்பு மையை ஓட்டினார்கள். பிசகிய இடத்தை வெள்ளை வண்ணத்தால் மூடினார்கள். அச்சில் சுருங்கும்போது கோட்டின் நடுக்கம் மறையும் என்பதால், அசல் பெரும்பாலும் அச்சான படத்தைவிடப் பெரிதாகவே இருக்கும்.

ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். மை கனமாக விழுந்த இடம் சற்றே மினுங்கும். வெள்ளைத் திட்டு தாளிலிருந்து மெல்ல எழும்பி நிற்கும். படம் முழுவதும் சீரான புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சுப்படி. நிழல் பகுதியில் மட்டும் புள்ளிகள் இருந்தால் அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம். புள்ளி அச்சிட்ட ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டும் வழக்கம் இருந்தது, அதன் வெட்டு விளிம்பு கண்ணில் படும். பின்புறத்தில் தேதி முத்திரை இருந்தால், நாட்டின் செய்தித்தாள்கள் வந்து சேரும் நான்கு நூலகங்களுள் ஒன்றான சென்னை கன்னிமாராவில் அந்த நாளிதழைத் தேடலாம். அச்சான படத்தோடு ஒப்பிடுவதைவிட உறுதியான சான்று கிடையாது. ஓவியர் கோபுலு பயின்ற ஓவியக் கல்லூரி உங்களுக்குப் பக்கத்தில் கும்பகோணத்தில்தானே இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடமும் காட்டுங்கள்.

லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு சேதமில்லாமல் பிரிக்க முடியாது. ரப்பர், ஈரத்துணி எதையும் படத்தின் மேல் வைக்காதீர்கள். என்னிடம் இருந்த ஒரு கால்பந்துச் சித்திரத்தைச் சட்டம் போட்டவர் மைதாப் பசையால் அட்டையில் ஒட்டிவிட்டார். ஓர் ஐப்பசி அடைமழை முடிந்து எடுத்துப் பார்த்தபோது, கோல்காரரின் கையை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அந்த இழப்பு இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே அமிலமற்ற அட்டையில், மூலைகளை மட்டும் தாள் மடிப்புகளில் செருகி, கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். ஆற்றங்கரை வீடுகளில் ஓதம் ஏறாத சுவர் அரிது. வெயில் படாத உள்சுவரில், முதுகுப்புறம் காற்றோடும்படி தக்கை வைத்து மாட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.